பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்க எந்தத் தொகுப்பை எடுப்பது?

கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையின் பெரும் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1923 பிப்ரவரி 16 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காகத் தமது முதல் இசைத்தட்டைப் பாடினார். கடைசி நான்கு பாடல்களை 1933 நவம்பர் 24 அன்று ஓகே (OKeh) என்னும் இசைத்தட்டு முத்திரைக்காகப் பாடினார். இவ்விரண்டு நாள்களுக்கும் இடையில் அவர் பாடிப் பதிவானவை ஏறத்தாழ 160 பாடல்கள். ஒரு பாடல் மூன்று நிமிடத்தை ஒட்டியே நீளும் என்பதால், அத்தனையையும் ஒருசேரக் கேட்டாலும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அந்த எட்டு மணி நேரத்தைத்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற நிறுவனங்கள் வெட்டியும் ஒட்டியும் வெவ்வேறு அட்டைகளில் விற்று வருகின்றன. புதிதாகக் கேட்க வருபவர், பாடல்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றுதானே என்று கையில் கிடைத்ததை எடுத்துவிடுகிறார். அவை ஒன்றல்ல. ஒரே இருபது பாடல்களைக் கொண்ட இரண்டு தொகுப்புகளை அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றில் மூச்சும் சூடும் உள்ள ஒரு பெண் பாடுவதும், மற்றொன்றில் கம்பளிக்குள்ளிருந்து யாரோ முனகுவதும் கேட்கக்கூடும். எந்தப் பழைய தட்டிலிருந்து எடுத்தார்கள், என்ன வேகத்தில் ஓட்டினார்கள், இரைச்சலை எவ்வளவு துடைத்தார்கள் என்பவையே அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. ஆகவே ஒரு தொகுப்பை மதிப்பிடும்போது பாடல் பட்டியலுக்கு இரண்டாம் இடமே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இடம் ஒலிக்கு.

இத்தனை தொகுப்புகள் ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது தேர்வுக்கு உதவும். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் நெடுங்காலம் 50 ஆண்டுகளாகவே இருந்தது. அதனால் 1980-களிலேயே இந்தப் பதிவுகள் அங்கே எவரும் வெளியிடத்தக்க பொதுச் சொத்தாகிவிட்டன. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1923-இல் வெளியானவை 2024 தொடக்கத்திலும், 1924-இல் வெளியானவை 2025 தொடக்கத்திலும், 1925-இல் வெளியானவை 2026 தொடக்கத்திலும் பொதுவுடைமையாகின. இதனால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. பழைய தட்டுகளை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றையும் கழுவி, பள்ளத்துக்குப் பொருந்தும் ஊசியைத் தேர்ந்து ஒலியை எடுத்த சிறிய நிறுவனங்கள் ஐரோப்பாவின் அந்த 50 ஆண்டு விதியின் நிழலில்தான் வளர்ந்தன. வேறொருவர் வெளியிட்ட குறுந்தகட்டை அப்படியே நகலெடுத்து, அதன் மேல் தன் பங்குக்கு இன்னொரு வடிகட்டியையும் போட்டு, மலிவு விலைக்கு விற்பவர்களும் அதே நிழலில்தான் இருக்கிறார்கள். விலையை வைத்து இவ்விரு தரப்பையும் பிரித்தறிய முடியாது. காதை வைத்தே பிரிக்க வேண்டும்.

வேகமும் சுருதியும்

முதலில் பார்க்க வேண்டியது வேகம். அக்காலத் தட்டுகளைப் பொதுவாக 78 சுற்றுத் தட்டுகள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1920-களின் கொலம்பியா தட்டுகள் பல நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் ஓட்டப்பட வேண்டியவை. பதிவு அமர்வுக்கு அமர்வு அதிலும் சிறு ஏற்ற இறக்கம் உண்டு. 80-இல் ஓட வேண்டிய தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி, பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். சரியாக மூன்று நிமிடம் ஓட வேண்டிய பாடல் நாலரை நொடி கூடுதலாக ஓடும். கேட்க இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெஸ்ஸியின் கலை முழுவதும் ஒரு சுரத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே நின்று, அதைக் கீழிருந்து வளைத்து, சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் பிடித்து வைப்பதில் இருக்கிறது. வேகம் குறைந்தால் அந்தப் பிடிப்பு சோம்பலாகவும், குரல் இல்லாத பருமனோடும் கேட்கும். "ப்ளூஸின் பேரரசி" என்ற பட்டத்துக்கு ஏற்ற கம்பீரம் என்று அதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தட்டுச் சுழலியின் பிழை. வேகம் கூடினால் நேர்மாறாகக் குரல் மெலிந்து, அவசரப்படும் ஓர் இளம்பெண்ணின் குரலாகிவிடும்.

இதைச் சோதிப்பது கடினமன்று. கைப்பேசியில் சுருதி காட்டும் ட்யூனர் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, பியானோ மட்டும் துணையாக ஒலிக்கும் பாடல்களைப் போடுங்கள். ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசிக்கும் 1927-ஆம் ஆண்டுப் பாடல்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. குரலைப் பார்க்க வேண்டாம், அது வளையும். பியானோவின் நிலையான சுரங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்றிரண்டு சுரங்கள் விலகியிருந்தால் அது பியானோவின் குறை. எல்லாச் சுரங்களும் ஒரே அளவில், ஒரே திசையில் விலகியிருந்தால் வேகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூடவே அதே பாடலின் கால அளவை வேறிரண்டு தொகுப்புகளோடு ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் விடப்பட்ட வெற்றிடத்தைக் கழித்த பிறகும் நான்கைந்து நொடி வித்தியாசம் இருந்தால், யாரோ ஒருவர் வேகத்தைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

இரைச்சலும் அதைத் துடைத்தவர்களும்

அடுத்தது இரைச்சல். இங்கேதான் பெரும்பாலான தொகுப்புகள் தோற்கின்றன, அதுவும் நல்ல எண்ணத்தோடு செய்யப்போய்த் தோற்கின்றன. நூறாண்டுப் பழைமையான தட்டில் சீரான ஒரு சீறல் இருப்பது இயற்கை. இரண்டு பாடல்களுக்குள் காது அதை மறந்துவிடும். அந்தச் சீறலை அடியோடு அகற்றத் துணிபவர், அதே அதிர்வெண்களில் வாழும் மூச்சொலியையும், "ஸ", "ட", "க" போன்ற மெய்யொலிகளின் கூர்மையையும், டிரம்பெட்டைப் போன்ற ஊதுகருவியான கார்னெட்டின் விளிம்பையும் சேர்த்தே அகற்றிவிடுகிறார். இத்தனைக்கும் கொலம்பியா 1923 முதல் தன் தட்டுகளை அடுக்கு முறையில், மட்டமான நடுப்பகுதியின் இருபுறமும் நைசான மேல்பரப்பு அமையுமாறு செய்தது. அக்காலத்தின் பிற அமெரிக்கத் தட்டுகளோடு ஒப்பிட்டால் அவற்றின் இரைச்சல் குறைவு. நல்ல நிலையிலுள்ள ஒரு கொலம்பியா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடுமையான வடிகட்டியைப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வடிகட்டியின் கைவரிசையைக் கண்டுபிடிக்க, வரிகளுக்கு இடையே கேளுங்கள். பாடகி ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடத்தில் பின்னணிச் சீறல் திடீரென மறைந்து, அடுத்த சொல் தொடங்கும்போது குரலோடு சேர்ந்து மீண்டும் எழுந்தால், அங்கே ஒரு கருவி கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட தொகுப்பை வாங்க வேண்டாம். எதிரொலி சேர்த்திருந்தாலும் வேண்டாம். பெஸ்ஸி 1937-இல் இறந்தவர். அவர் பாடிய எதுவும் ஸ்டீரியோவில் பதிவாகவில்லை. எனவே இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறாகக் கேட்கிறது என்றால், அது பின்னாளில் ஒருவர் செயற்கையாகப் பிரித்தது. அட்டையில் "ஸ்டீரியோ" என்று பெருமையாக அச்சிட்டிருந்தால் அதைக் குறையாகவே கொள்ள வேண்டும்.

இரைச்சலிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க வேண்டிய ஒன்று தேய்மானம். இந்தத் தட்டுகளை வாங்கியவர்கள் காட்சிக்கு வைக்க வாங்கவில்லை. எஃகு ஊசியைப் போட்டுத் தேயத்தேயக் கேட்டார்கள். பள்ளம் தேய்ந்த தட்டில் சாதாரண இடங்கள் நன்றாகவே கேட்கும், ஆனால் குரல் உரத்து எழும் இடத்தில் ஒலி கிழிந்து கரகரக்கும். எந்த மென்பொருளாலும் இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. தேயாத வேறொரு படியைத் தேடிப் பிடிப்பது ஒன்றே வழி, அந்த உழைப்பைச் செய்தவர் யார் என்பது அந்த உரத்த இடங்களில்தான் தெரியும்.

நான்கு பாடல்களில் ஒரு சோதனை

முழுத் தொகுப்பையும் கேட்டு முடிவெடுக்க நேரமில்லாதவர்கள் நான்கு பாடல்களை மட்டும் கேட்டால் போதும். முதலாவது "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்". 1925 ஜனவரி 14 அன்று, மைக்ரோபோன் புழக்கத்துக்கு வருவதற்கு முன், ஒலியைத் திரட்டித் தட்டில் பதிக்கும் கூம்புக் குழாயின் வாய்க்கு எதிரே நின்று பாடியது. லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசிக்கிறார். ஃபிரெட் லாங்ஷா பியானோவை விட்டுவிட்டுக் கால் ஹார்மோனியத்தில் அமர்ந்திருக்கிறார். இந்த ஹார்மோனியம் தொகுப்பாளரைக் காட்டிக்கொடுக்கும் கருவி. அதன் ஒலி விடாமல் நீள்வதால், தட்டின் நடுத்துளை மையம் தவறியிருந்தால் சுருதி நொடிக்கு ஒன்றேகால் முறைக்குச் சற்று மேலான கதியில் மேலும் கீழும் அலைவது உடனே தெரிந்துவிடும். அக்கறையுள்ளவர் துளையைச் சற்று அகட்டி, தட்டை மையத்தில் பொருத்திய பிறகே ஒலியை எடுப்பார். இரைச்சல் வடிகட்டி மிகையாகிவிட்டாலும் முதலில் குழம்புவது ஹார்மோனியம்தான். தண்ணீருக்கு அடியில் ஒலிப்பது போல் நெளியும். பெஸ்ஸி ஒரு வரியை முடித்ததும் ஆம்ஸ்ட்ராங் கொடுக்கும் பதிலைக் கவனியுங்கள். அந்தப் பதில் குரலுக்குச் சமமான நெருக்கத்தில், ஆனால் அதை மிதிக்காமல் கேட்க வேண்டும். இருவரும் சேர்ந்து பதிவு செய்தவை ஒன்பது பாடல்களே. அவற்றில் இதுவே சிகரம் என்பேன்.

இரண்டாவது "பேக்வாட்டர் ப்ளூஸ்", 1927 பிப்ரவரி 17. இது மின்முறைப் பதிவு. குழாய்க் காலத்தில் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே தட்டில் ஏறியது. மைக்ரோபோன் வந்ததும் அது 5,000 ஹெர்ட்ஸைத் தொட்டது, அடியில் கனத்த ஒலிகளும் கிடைக்கத் தொடங்கின. ஜேம்ஸ் பி. ஜான்சனின் இடக்கை வெள்ளத்தையும் இடியையும் உருட்டிக் காட்டும் பாடல் இது. அந்த உருட்டல் மரமும் கம்பியுமாகக் காதில் விழ வேண்டும். மந்தமான ஒரு முழக்கமாக மட்டும் இருந்தால் மேல் அதிர்வெண்கள் போய்விட்டன, இருப்பதே தெரியாவிட்டால் தட்டுச் சுழலியின் உறுமலை நீக்குவதாக எண்ணி அடியை வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது "எம்ப்டி பெட் ப்ளூஸ்", 1928 மார்ச் 20. இது ஒரு தட்டின் இருபுறமும் நீளும் இரண்டு பாகப் பாடல். தொகுப்பில் இரண்டு பாகங்களும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முதல் பாகத்தை மட்டும் போட்டு நிறுத்துவது கதையைப் பாதியில் அறுப்பதாகும். இரண்டும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது சுருதியும் உரப்பும் மாறாதிருக்க வேண்டும். சார்லி கிரீனின் டிராம்போன் உறுமலில் எச்சிலும் பித்தளையும் தெரிந்தால் அந்தத் தொகுப்பை நம்பலாம்.

நான்காவது 1933-இல் பதிவான "கிம்மி எ பிக்ஃபுட்". ஃபிராங்கி நியூட்டன், ஜாக் டீகார்டன், சூ பெரி, ஓரமாக பென்னி குட்மன் என்று பெரிய கூட்டமே உடன் வாசிக்கிறது. பதிவுக் கருவிகள் பத்தாண்டுகளில் வெகுதூரம் வந்துவிட்டிருந்ததால், பெஸ்ஸியின் பதிவுகளில் இயல்பாகவே தெளிவானது இந்த அமர்வு. இதுவே மங்கலாகக் கேட்கும் தொகுப்பில் மற்றவற்றைக் கேட்டுப் பார்க்கத் தேவையில்லை.

தேர்வு என்பது ஒரு கட்சி

ஒலி தேறிய பிறகு பாடல் தேர்வுக்கு வரலாம். இருபது பாடல்களைத் தேர்ந்தெடுப்பவர் தம்மை அறியாமலே ஒரு பெஸ்ஸியை உருவாக்குகிறார். கொலம்பியா 1951-இல் வெளியிட்ட நான்கு நீள்தட்டுகள் இதற்கு நல்ல சான்று. அவை பெரும்பாலும் பக்கவாத்தியக்காரர்களின் பெயரில் பிரிக்கப்பட்டிருந்தன: ஒன்று ஆம்ஸ்ட்ராங்குக்கு, ஒன்று ஜோ ஸ்மித்துக்கும் ஃபிளெட்சர் ஹெண்டர்சனுக்கும், ஒன்று ஜேம்ஸ் பி. ஜான்சனுக்கும் சார்லி கிரீனுக்கும். ஜாஸ் சேகரிப்பாளர்கள் தேடியது அந்த வாத்தியங்களை. அதன் விளைவாக, பியானோ ஒன்றை மட்டும் துணைக்கொண்டு 1923-இல் பாடிய எளிய பாடல்கள் ஓரங்கட்டப்பட்டன. அவற்றை வாங்கிக் கேட்ட கறுப்பின மக்களுக்கோ அவையே முதன்மையாக இருந்தன. இந்தச் சாய்வு இன்றைய தொகுப்புகளிலும் தொடர்கிறது. ஆம்ஸ்ட்ராங்கின் பெயரை அட்டையில் பெஸ்ஸியின் பெயருக்கு நிகரான எழுத்தில் அச்சிட்டிருந்தால், தேர்வும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இன்னொரு சாய்வு சரசப் பாடல்களை நோக்கியது. இரட்டை அர்த்தப் பாடல்களில் பெஸ்ஸிக்கு இணையில்லை என்பதில் ஐயமில்லை; "கிச்சன் மேன்" பாடலில் அவர் ஒரு சொல்லை உதட்டோரம் நிறுத்தும் நயம் எவருக்கும் வாய்க்காதது. ஆனால் அவற்றை மட்டும் அடுக்கிய தொகுப்பு, 1928 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் "வாஷ்வுமன்ஸ் ப்ளூஸ்", "புவர் மேன்ஸ் ப்ளூஸ்" ஆகிய இரண்டையும் பாடிய பெண்ணை மறைத்துவிடுகிறது. ஒன்று அடுத்தவர் துணியைத் துவைத்துக் கை ஓய்ந்தவளின் குரல். மற்றொன்று போரில் உயிரைக் கொடுத்த ஏழையைப் பணக்காரன் மறந்துவிட்டான் என்று நேருக்கு நேர் கேட்கும் குரல். இவ்விரண்டில் ஒன்றாவது இல்லாத தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 1923-இலிருந்து "டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்", "ஜெயில்ஹவுஸ் ப்ளூஸ்", 1926-இலிருந்து "யங் வுமன்ஸ் ப்ளூஸ்", 1929-இலிருந்து "நோபடி நோஸ் யூ", 1931-இலிருந்து "லாங் ஓல்ட் ரோடு" என்று பத்தாண்டுகளின் நெடுக்கிலும் ஏதாவது இருக்க வேண்டும். இளமையின் இறுக்கமும் பிற்காலத்தின் கரகரப்பும் ஒரே தொகுப்பில் தெரிந்தால்தான் வளர்ச்சி விளங்கும்.

வரிசையைப் பொறுத்தவரை காலவரிசையே சிறந்தது. 1970 முதல் 1972 வரை கொலம்பியா ஐந்து இரட்டைத் தட்டுகளில் அனைத்தையும் மறுவெளியீடு செய்தபோது, அதைத் தயாரித்த ஜான் ஹாமண்டும் கிறிஸ் ஆல்பர்ட்சனும் ஒரு விசித்திரமான முறையைக் கையாண்டார்கள். முதல் இரட்டைத் தட்டில் மிக முந்தைய பாடல்களும் மிகப் பிந்தைய பாடல்களும் இடம்பெற்றன. அடுத்தடுத்த தொகுப்புகள் இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி நகர்ந்தன. கடைசித் தொகுப்பு 1925–27 காலத்தில் வந்து முடிந்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் பழைய ஒலியோடு புதிய ஒலியும் கலந்து விற்பனைக்கு அது உதவியது. இன்று பழைய கடைகளில் அவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால், அது ஒரு குறிப்பிட்ட காலத்தின் முழுப் பதிவு என்று எண்ணிவிடக் கூடாது.

உறைக்குறிப்பைப் படித்தல்

ஒவ்வொரு பாடலுக்கும் பதிவான தேதி, உடன் வாசித்தவர்கள், மூலத்தட்டின் எண் ஆகியவை தரப்பட்டிருக்க வேண்டும். ஒலியை எடுத்தவரின் பெயரும் இருந்தால் மிக நன்று. "டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது" என்ற ஒற்றை வாசகம் எதையும் தெரிவிப்பதில்லை. இணையவழிக் கேட்புத் தளங்களில் ஆண்டு என்று காட்டப்படுவது பெரும்பாலும் தொகுப்பு வெளியான ஆண்டு. மாமி, கிளாரா, ட்ரிக்ஸி என்று ஸ்மித் பெயர் கொண்ட பாடகிகள் அக்காலத்தில் பலர்; பெஸ்ஸிக்கு அவர்கள் உறவினர் அல்லர். கிளாராவுடன் பெஸ்ஸி இணைந்து பாடிய பாடல்களும் மூன்று உண்டு. அவற்றில் கிளாராவின் பெயரை விட்டுவிட்ட தொகுப்பு மற்ற விவரங்களிலும் அலட்சியமாகவே இருக்கும். "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" பாடலில் பெரிய பாடகர் குழு பின்னால் முழங்கினால், நீங்கள் கேட்பது 1925-ஆம் ஆண்டு இசைத்தட்டு அன்று. 1929-இல் அவர் நடித்த குறும்படத்தின் ஒலித்தடம்.

கட்டுரை வடிவில் குறிப்பு இருந்தால் இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். "பேக்வாட்டர் ப்ளூஸ்" 1927-இன் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று சொல்லியிருந்தால் எழுதியவர் தேதியைப் பார்க்கவில்லை. பாடல் பதிவானது பிப்ரவரியில், பெரிய கரைகள் உடைந்தது ஏப்ரலில். அதற்குமுன் 1926 டிசம்பர் இறுதியில் நாஷ்வில்லில் கம்பர்லாந்து ஆறு ஊருக்குள் புகுந்ததே அப்பாடலின் பின்னணியாகக் கருதப்படுகிறது. இரண்டாவது அவருடைய மரணம். கார் விபத்துக்குப் பின் வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்ற கதை 1937-இலேயே அச்சேறியது. விபத்து இடத்துக்கு வந்த மருத்துவரின் சாட்சியம் பின்னாளில் வெளியாகி, பெஸ்ஸி நேரடியாக கிளார்க்ஸ்டேலிலிருந்த கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லப்பட்டார் என்பது தெளிவாகிவிட்டது. அன்றைய தென்மாநிலங்களின் இனவெறி உண்மை. அதைச் சொல்லப் பொய்யான சம்பவம் தேவையில்லை. பழைய கதையை இன்னும் உண்மையாக அச்சிடும் குறிப்பை எழுதியவர், ஐம்பது ஆண்டுகளாக எதையும் படிக்கவில்லை.

இனி வாங்குவதற்கு. தொடங்குபவருக்கு, கொலம்பியா 1997-இல் "எசென்ஷியல்" வரிசையில் வெளியிட்ட 36 பாடல் கொண்ட இரட்டைக் குறுந்தகடு போதுமானது. முழுமை வேண்டுபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் எட்டுத் தனித் தகடுகளில் கொண்டுவந்த வரிசை. அதற்கு ஒலியை எடுத்தவர் ஜான் ஆர்.டி. டேவிஸ், சீறலைச் சற்று விட்டுவைத்தாவது குரலைக் காப்பது அவர் வழக்கம், நான் மேலே சொன்ன சோதனைகளில் அதுவே முன்னிற்கிறது. மற்றொன்று, 1991 முதல் 1996 வரை கொலம்பியா ஐந்து பகுதிகளாக வெளியிட்ட முழுத் தொகுப்பு. அதன் ஐந்தாம் பகுதியில் மாற்றுப் பதிவுகளும், குறும்படத்தின் ஒலித்தடமும், பெஸ்ஸியோடு ஊர் ஊராகச் சென்ற உறவினர் ரூபி ஸ்மித்தின் நீண்ட நேர்காணலும் இருக்கின்றன. நேர்காணல் ஒரு தகட்டையே எடுத்துக்கொள்கிறது. பாடல்களின் எண்ணிக்கையைக் கொண்டு விலையை ஒப்பிடுபவர்கள் வாங்கும் முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.